தூளியும் பியானோவும்

குழந்தை பிறந்த வீட்டில் தகப்பனைப் போல் உபயோகமற்ற பிராணி வேறொன்று இல்லை. தாய்க்குப் பால் இருக்கிறது. பாட்டிக்கு அனுபவம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் யோசனைகள் இருக்கின்றன. தகப்பனிடம் இருப்பவை இரண்டு கைகள்தாம். அவற்றையும் எப்படி வைத்துக்கொள்வது என்று ஆளுக்கு ஒரு விதமாகத் திருத்துகிறார்கள். கடைசியில் அவனுக்கென்று ஒதுக்கப்படும் உத்தியோகம் ஒன்றே ஒன்று. அது ராத்திரியில் தூளி ஆட்டுவது.

எனக்கு இந்த உத்தியோகம் 43-ஆவது வயதில், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு கிடைத்தது. நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு உபாத்தியாயர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது தொழில் வழக்கம். பெண் பள்ளிக்கூடத்தில் சேரும்போது எனக்கு வயது 48. பத்தாம் வகுப்பை முடிக்கும்போது 58. பட்டம் பெறும்போது 64. இந்தக் கணக்கைப் பகலில் போட்டால் வெறும் எண்களாகத் தோன்றுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் உட்கார்ந்து போட்டால் விடை வேறு மாதிரி இருக்கிறது. அந்த வேளையில் மனத்தைக் கணக்கிலிருந்து இழுத்து வைப்பதற்காகத்தான் சங்கீதம் கேட்க ஆரம்பித்தேன்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது காலேஜ் விடுதியில். கூட இருந்த நண்பன் ஒருவன் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் வைத்திருந்தான். பியானோ ஒரு பக்கம், அமெரிக்க நீக்ரோ மக்கள் உலகத்துக்கு அளித்த ஜாஸ் மற்றொரு பக்கம். 'நம்முடைய சங்கீதம் என்ன பாவம் செய்தது?' என்று நேயர்கள் கோபிக்க வேண்டாம். மாலைப் பொழுது முழுவதும் என் மாமியாருடைய பக்திப் பாடல்களுக்குச் சாஸனமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாகஸ்வரத்தையும் தவிலையும் நடுநிசியில் வைத்தாலோ, குழந்தை மட்டுமல்ல, தெருவே எழுந்து உட்காரும்!

* * *

பெண் பிறந்த சமாசாரம் கேட்டதும் நண்பர்கள் அனைவரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள். "மொஸார்ட் போடு, குழந்தைக்குப் புத்தி வளரும்" என்றார்கள். இந்த நம்பிக்கையின் பிறப்பு வளர்ப்பை விசாரித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் கைக்குழந்தைகள் அல்லர். 36 காலேஜ் மாணவர்கள். மொஸார்ட் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய ஸொனாட்டா ஒன்றைப் பத்து நிமிஷம் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எந்த உருவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்கு அவர்கள் சற்றுக் கூடுதலாக மார்க் வாங்கினார்கள். அந்தக் கூடுதல் புத்தியும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பிற்பாடு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது பலன் மிகவும் அற்பமாகவே இருந்தது. ஆனால் அதற்குள் சங்கதி ஊரெல்லாம் பரவிவிட்டது. 1998-இல் ஜார்ஜியா மாகாணத்துக் கவர்னர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இனாமாகச் சங்கீதம் வழங்குவதற்கு 1,05,000 டாலர் வேண்டுமென்று சட்டசபையைக் கேட்டார். ஒரு சொனாட்டாவைக் கேட்டுக் கணக்கில் தேறிவிடலாம் என்றால் என் பாடு எவ்வளவோ சுலபமாகியிருக்கும்!

எனக்குப் பிடித்தது 2009-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி. ஹங்கேரியிலும் ஹாலந்திலும் உள்ள விஞ்ஞானிகள், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளம் ஒன்றை வாசித்து, அவற்றின் மூளையில் எழும் மின் அதிர்வுகளை அளந்தார்கள். தாளத்தில் முக்கியமான முதல் அடியை மட்டும் ஒரு சமயம் விட்டுவிட்டால், தூங்குகிற சிசுவின் மூளை அதைக் கண்டுகொண்டது. 'வர வேண்டியது எங்கே?' என்று அது கேட்பது போன்ற ஓர் அதிர்வு எழுந்தது. அதாவது, பெற்றோரின் முகம் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, ஒழுங்காய் வரும் ஒன்றை எதிர்பார்க்கக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் கேட்கும் சங்கீதத்தை மறுபடியும் புதிதாகக் கேட்கலானேன்.

* * *

முதலில் பிரஹ்ம்ஸ். நண்பர் ஒருவர், மேலே தொங்கவிட்டுச் சாவி கொடுத்தால் சுழன்றுகொண்டே பாடும் பொம்மை ஒன்று வாங்கி வந்தார். அது பாடியது பிரஹ்ம்ஸின் தாலாட்டு. உலகத்திலுள்ள தொட்டில் பொம்மைகளில் பாதிக்கு வேறு பாட்டே தெரியாது போலிருக்கிறது. பெர்த்தா ஃபாபர் என்ற சிநேகிதிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, 1868-இல் பிரஹ்ம்ஸ் எழுதிக் கொடுத்தது அது. அதில் ஒரு ரகசியம் உண்டு. அந்த அம்மாள் இளமையில் தமக்குப் பாடிக் காட்டிய மெட்டு ஒன்றை, பியானோ வாசிக்கும் பக்கவாத்தியப் பகுதியில் அவர் மறைத்து வைத்தார். தாய் குழந்தைக்குப் பாடிக்கொண்டிருக்கும்போது, பியானோ தாய்க்காக வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். பொம்மையில் பக்கவாத்தியம் இல்லை. குழந்தையின் பங்கு இருக்கிறது. தாயின் பங்கு போய்விட்டது.

பொம்மையின் சாவி ஓடி முடிந்ததும் பெண் விழித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ஷோப்பானிடம் போனேன். 1843-லும் 44-லும் அவர் எழுதிய தாலாட்டு ஒன்று உண்டு. குரல் இல்லை, பியானோ மட்டும்தான். அதில் இடது கைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்று சொல்லலாம். ஆரம்பத்தில் தனியாக ஓர் ஆட்டம் ஆடுகிறது. பிறகு அதே ஆட்டத்தைத் திருப்பித் திருப்பிச் செய்கிறது. கீழே ஒரே ஆதார ஸ்வரம், தம்புராவைப் போல. வலது கையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. எளிய மெட்டு ஒன்றை எடுத்து, நுணுக்கி, பொடியாக்கி, மேலே தூவி, மறுபடி சேர்த்து எடுத்து வருகிறது. முடிவுக்குச் சற்று முன்னால், அதுவரை வராத ஒரு ஸ்வரம் வந்து விழுகிறது. குழந்தையின் இமை மூடும் கணம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். இதற்கு ஷோப்பான் முதலில் வைத்த பெயர் தாலாட்டு அல்ல, 'மாறுபாடுகள்' என்பதே.

காலேஜ் நாட்களில் நான் இதைக் கேட்டது வலது கைக்காக. இப்போது தூளிக் கயிறு கையில் இருக்கும்போது, இடது கை மட்டுமே காதில் விழுகிறது. மேலே எத்தனை ஜாலங்கள் நடந்தாலும் அது நிற்பதில்லை, வேகம் கூட்டுவதில்லை, 'என்னைப் பார்' என்று சொல்வதுமில்லை.

இப்படிப்பட்ட ஒரு சப்தத்தில்தான் நானும் வளர்ந்தேன். என் தகப்பனார் சேலத்துப் பக்கம் குழித்தறியில் நெய்தவர். திண்ணைக்கு அடுத்த அறையில் தறி. அதற்கு அடுத்த அறையில் எங்கள் பாய். ராத்திரி வெகு நேரம் வரை நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், பலகை அடிக்கும். வந்தவர்கள், "இந்தச் சத்தத்தில் பிள்ளைகள் எப்படித் தூங்குகின்றன?" என்று கேட்பார்கள். வாஸ்தவத்தில் நடந்தது நேர்மாறு. இழை அறுந்து தறி நின்றால்தான் நாங்கள் விழித்துக்கொள்வோம். மறுபடி அடிக்கத் தொடங்கியதும் கண் மூடும். தகப்பனார் எங்களுக்குத் தாலாட்டுப் பாடியதாக எனக்கு நினைவில்லை. நான் பி.எஸ்ஸி. தேறிய வருஷம் அவர் காலமானார். என் சம்பளத்தில் அவர் ஒரு வேஷ்டி வாங்கிக் கட்டவில்லை. ஆனால் ஷோப்பானின் இடது கையைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய கால்கள் மிதிக்கட்டைமேல் இருப்பதாகவே தோன்றுகிறது.

* * *

கீழே ஒன்று நிலையாக நிற்க, மேலே ஆயிரம் நடப்பது என்றால் அதற்குச் சிகரம் பாக் எழுதிய கோல்ட்பெர்க் மாறுபாடுகள். 1741-இல் அச்சானது. ஒரு மெட்டு, அதன்மேல் முப்பது மாறுபாடுகள், முடிவில் மறுபடி அதே மெட்டு. ஆக 32 உருப்படிகள். மெட்டிலும் 32 தாளக் கட்டங்கள்! மாறிக்கொண்டு போவது மேலே கேட்கும் பாட்டல்ல. கீழே நடக்கும் மந்தர ஸ்வரங்களின் வரிசைதான் அத்தனைக்கும் அஸ்திவாரம். ஒவ்வொரு மூன்றாவது மாறுபாட்டிலும், ஒரு குரல் சொன்னதையே மற்றொரு குரல் சற்றுப் பிந்திப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது. கணக்கு வாத்தியார் ஒருவனைக் கவிழ்க்க இதைவிட என்ன வேண்டும்?

இதைப் பற்றிப் பிரசித்தமான கதை ஒன்று உண்டு. தூக்கம் வராத பிரபு ஒருவர், ராத்திரியில் தமக்கு வாசித்துக் காட்டுவதற்காகக் கோல்ட்பெர்க் என்ற பையனை வைத்திருந்தார். அவனுக்காக பாக் இதை எழுதினார் என்பது கதை. அப்போது கோல்ட்பெர்க்குக்கு வயது பதினான்குதான். புஸ்தகத்தில் பிரபுவின் பெயரும் இல்லை. ஆகையால் பண்டிதர்கள் இதை நம்புவதில்லை. எனக்குக் கதையைவிட உண்மை நிலவரமே ருசிக்கிறது. பாக் வீட்டில் அந்தச் சமயத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவனும் அவனுக்கு இளைய பெண் ஒருத்தியும் ஓடி விளையாடிக் கொண்டிருந்தார்கள். 1742 பிப்ரவரியில் இன்னொரு பெண் பிறந்தாள். தகப்பனாருக்கு வயது 56. இருபது குழந்தைகளில் பத்துப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். கோவிலில் வைத்துக் கும்பிட வேண்டிய கிரந்தம் என்று நான் பயபக்தியோடு கேட்டு வந்தது, அழுகையும் சிரிப்பும் நிறைந்த ஒரு குடித்தன வீட்டில் எழுதப்பட்டது. முப்பதாவது மாறுபாட்டைக் கேட்டால் அது விளங்கும். பிரமாதமான முடிவை எதிர்பார்க்கிற இடத்தில், முட்டைக்கோஸையும் கிழங்கையும் பற்றிய நாட்டுப் பாட்டுக்களைச் சேர்த்துக் கட்டிக் கேலியாகப் பாடுகிறது!

க்ளென் கூல்ட் என்ற கனடா தேசத்துப் பியானோ வித்வான் இதை 1955-இல் இருபத்திரண்டாம் வயதில் ஒரு தரமும், 1981-இல் நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு தரமும் பதிவு செய்தார். முதலாவது சுமார் முப்பத்தெட்டரை நிமிஷம். இரண்டாவது ஐம்பத்தொரு நிமிஷம். இளைஞர் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிட்ட ஆரம்ப மெட்டுக்கு, மூத்தவர் மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்கிறார். வாசிக்கும்போது தம்மை அறியாமல் முனகும் சப்தமும் கேட்கிறது. முன்பெல்லாம் அந்த முனகல் எனக்கு இடைஞ்சல். இப்போது, பக்கத்து அறையில் யாரோ ஒருவர் தம் குழந்தையைத் தட்டிக்கொண்டிருப்பது போல் துணையாக இருக்கிறது.

* * *

ஜாஸில் முதல் இடம் பில் எவன்ஸ் என்பவருக்கு. தம் அண்ணன் மகள் டெபியின் பெயரால் அவர் ஒரு வால்ட்ஸ் மெட்டு அமைத்தார். அதன் மிகச் சிறந்த பதிவு 1961 ஜூன் 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் 'வில்லேஜ் வேன்கார்ட்' என்ற நிலவறைக் கேளிக்கை விடுதியில் எடுக்கப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடம் அல்லவாதலால் கண்ணாடிக் கிண்ணங்கள் மோதுவதும் ஜனங்கள் பேசுவதும் சிரிப்பதும் நன்றாகக் கேட்கின்றன.

என் மாமியார் என்னோடு நேராகப் பேசுவதில்லை. என் காதில் விழும்படியாக மகளிடம் பேசுவார். மறுநாள் காலையில், "ஏன் கண்ணு, மாப்பிள்ளை ராத்திரியில போடறது பாட்டா, இல்ல ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கற சத்தமா?" என்று விசாரித்தார். அறுபது வருஷங்களுக்கு முன் நடந்த கச்சேரியின் இடத்தை இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்த விமரிசகரை நான் படித்ததில்லை.

அந்தக் கச்சேரியில் டபிள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்தவர் ஸ்காட் லாஃபாரோ, வயது 25. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, மோட்டார் விபத்தில் இறந்தார். ஒரு குழந்தைக்காக அமைத்த மெட்டைக் குறுகுறுவென்று தாங்கிக்கொண்டு போகும் அந்த விரல்களுக்கு அது தெரியாது. பேசிக்கொண்டிருந்த ஜனங்களுக்கும் தெரியாது.

இங்கே வந்ததும் என் ராத்திரிக் கணக்கு திரும்பிவிட்டது. அதைத் தவிர்ப்பதற்கு பதில் நேருக்கு நேராகவே பார்த்துவிடலாமென்று தெபுஸ்ஸியை எடுத்தேன். ஃபிரான்ஸ் தேசத்துச் சங்கீத மேதையான அவருக்கு ஒரே பெண் 1905-இல் பிறந்தாள். தகப்பனாருக்கு வயது அப்போது 43. என் வயதுதான்! 'ஷூஷூ' என்பது செல்லப் பெயர். அவளுக்காக 1908-இல் 'குழந்தைகளின் மூலை' என்று ஆறு பியானோ உருப்படிகள் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பொம்மை யானைக்குத் தாலாட்டு. மந்தர ஸ்தாயியில் யானை தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது, தூக்கம் வருகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டிலும் இதே நடைதான்.

தெபுஸ்ஸி புற்றுநோயால் 1918 மார்ச்சில் காலமானார். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. மறு வருஷமே அவளும் தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டாள்.

இதை நான் வாசித்தது எங்கள் பெண்ணுக்குப் பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்ட அன்றைய ராத்திரி. தொடை வீங்கி, உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. மனைவி மருந்துச் சொட்டு ஊற்றிவிட்டு, "இந்த ஊசி இல்லாமலே இருந்திருக்கலாம் போல" என்று கண் கலங்கினாள். அந்த ஊசியில் அடங்கியிருந்த ஐந்து காப்புகளுள் ஒன்று தொண்டை அடைப்பானுக்கு. தெபுஸ்ஸியின் பணத்தாலும் கீர்த்தியாலும் வாங்க முடியாத ஒன்று, என் பெண்ணுக்கு அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைத்திருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். பிறகு யானையின் தாலாட்டை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். விடியற்காலையில் சுரம் இறங்கிவிட்டது.

* * *

கடைசியாகச் சொல்ல வேண்டியவர் ஆலிஸ் கோல்ட்ரேன் அம்மையார். ஸாக்ஸபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேனின் மனைவி. தாமும் சிறந்த பியானோ வித்வாம்ஸினி. 1967 ஜூலையில் கணவர் நாற்பதாம் வயதில் இறந்தபோது, அம்மையாருக்கு வயது 29. நான்கு குழந்தைகள்; கடைசியானது கைக்குழந்தை. கணவர் தருவித்திருந்த பெரிய ஹார்ப் வாத்தியம் ஒன்று அவர் காலமான பிறகே வீடு வந்து சேர்ந்தது என்பார்கள். அம்மையார் அதை வாசிக்கலானார்.

துக்கத்தில் அமைதி தேடிய அவருக்குக் குருவாக வாய்த்தவர் சுவாமி சச்சிதானந்தர். அவர் 1914-இல் பிறந்தது நம் கோயமுத்தூருக்குப் பக்கத்திலுள்ள செட்டிப்பாளையத்தில். அம்மையார் அவர் பெயரால் 'சச்சிதானந்தத்தில் யாத்திரை' என்ற இசைத் தட்டை 1971-இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி 1970 நவம்பரில் அவர் வீட்டிலேயே அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. முதலில் தம்புராவின் ரீங்காரம். பிறகு டபிள் பாஸில் ஸெஸில் மக்பீ ஒரு சிறு சொற்கட்டைப் போல் வாசித்து, அதையே விடாமல் திருப்பித் திருப்பி நடத்துகிறார். அதன்மேல் ஹார்ப் அலையலையாகப் பொழிகிறது. ஃபாரோ ஸாண்டர்ஸின் ஸாக்ஸபோன் நிதானமாகப் பேசுகிறது. ஷோப்பானின் இடது கையும் என் தகப்பனாரின் தறியும் இங்கேயும் வந்துவிட்டன. கணவரைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, நான்கு குழந்தைகள் இருக்கும் வீட்டில், கீழே நிற்காமல் நடக்கும் அந்த அடியின்மேல் வாத்தியத்தை வைத்து வாசித்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக் கணக்குக்கு நான் கேட்ட பதில்களில் இதுவே தேவலை என்று தோன்றுகிறது. எத்தனை வருஷம் இருப்போம் என்பது நம் கையில் இல்லை. இருக்கும் வரையில் அடி தப்பாமல் ஆட்டலாம்.

இந்தச் சமாசாரத்தை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "செட்டிப்பாளையமா? அது நம்ம ஊர்ப் பக்கமாச்சே! அந்தம்மா நாலு கொழந்தைங்கள வெச்சுக்கிட்டா வாசிச்சுது? அதப் போடச் சொல்லு கண்ணு, கேப்போம்." முழுவதும் கேட்டார். முடிந்ததும், "தம்புரா இருக்குதல்ல, அதான் மனசுக்கு ஒட்டுது" என்றார். அதிலிருந்து மாலைப் பொழுதின் சாஸனத்தில் ஆறேழு நிமிஷம் எனக்கு மானியமாகக் கிடைத்திருக்கிறது.

நேயர்களில் யாருக்கேனும் என்னைப்போல் உத்தியோகம் வாய்த்திருந்தால் இரண்டு வார்த்தை. குழந்தையின் மூச்சு காதில் விழுகிற அளவுக்குமேல் சப்தத்தை வைக்காதீர்கள்; அதற்குக் கேட்காத சங்கீதம் உங்களுக்கும் வேண்டாம். ராத்திரிக்கு ஒன்றாக மாற்றாமல், ஒரே உருப்படியை ஒரு வாரம் முழுவதும் வையுங்கள். நமக்குச் சலிக்கும், குழந்தைக்கு வர வேண்டியது வந்துகொண்டிருக்கும்.

பெண்ணுக்கு இப்போது ஏழு மாதம். ராத்திரியில் ஒரே மூச்சாக ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் உத்தியோகத்துக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. கோல்ட்பெர்க்கில் ஒரு ராத்திரிகூடப் பதினோராவது மாறுபாட்டைத் தாண்டியபாடில்லை.